ஒன்பது கிளைகள்

விருதுநகரில் பிரபாகரன் வேலைக்குச் சேர்ந்த லேப், முன்பு மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டிடம். பஜாருக்குப் பின்னால், ஒரு லாரி மட்டும் நுழையக்கூடிய சந்து. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர். எட்டாத உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல்கள். மூட்டைகளைக் காலி செய்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, குறுக்கே பிளைவுட் தடுப்பு வைத்து, முன்பக்கம் நோயாளிகளுக்கு, பின்பக்கம் மெஷின்களுக்கு என்று பிரித்திருந்தார்கள். நாற்பது வருசம் வத்தல் அடுக்கிய சுவர். எத்தனை பெயிண்ட் அடித்தும் நெடி போகவில்லை. புதிதாக வருகிற யாரும் முதல் ஒரு மணி நேரம் தும்மித் தீர்ப்பார்கள்.

பிரபாகரன் தும்மவில்லை. மூன்று மாதமாக அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

லேப்பின் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சிக்குப் பரம்பரையாக வத்தல், பருப்பு வியாபாரம். லேப் அவருக்கு உபதொழில். சிவகாசி வேலையை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டபோது, நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று பிரபாகரன் சொல்லியிருந்தான். இங்கே நைட்டே கிடையாது, காலை ஆறுக்கு வா, ரெண்டுக்குப் போ என்று முடித்துவிட்டார்.

முதல் நாள் ஆறு மணிக்கு அவன் போனபோது கவுண்டரில் இருக்கும் அருணாதேவி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். எடுத்த எடுப்பிலேயே விசாரணையை ஆரம்பித்தாள்.

"என்ன படிச்சிருக்கீக சார்?"

"டிப்ளமோ. அதுக்கு முன்னாடி எம்.எஸ்ஸி. விலங்கியல். பாதியில விட்டாச்சு."

"எந்தப் பாதி? தலைப் பாதியா, வால் பாதியா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

தடுப்பின் நடுவே புத்தக அளவில் ஒரு சின்ன ஜன்னல். நோயாளிகள் பரிசோதனைக்குக் கொண்டுவரும் டப்பாவை அதன் வழியே உள்ளே தள்ள வேண்டும். உள்பக்கம் கீழே ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஒரே ஒரு டப்பா இருந்தது.

சண்முகத்தாய். பெண். 38. ஏழாயிரம்பண்ணை.

எழுத்து அவனுடையது. 'ழ'வின் வாலை நீட்டி இழுத்து எழுதும் பழக்கம் அவனுக்கு உண்டு. அந்த வால் அப்படியே இருந்தது.

அருணாதேவியிடம் கேட்டான். இன்னும் ஒருத்தரும் வரவில்லை, ராத்திரி பூட்டும்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனேன் என்றாள். கவிழ்த்த தட்டு நிமிர்ந்திருந்தது.

மூடியைத் திறந்தான். பூசணி விதை மாதிரி மூன்று வெள்ளைத் துண்டுகள். அசைந்துகொண்டிருந்தன. ஒன்று நீளும், சுருங்கும், பிறகு அடுத்தது.

மூடியின் மேல் ஒரு பெருவிரல் ரேகை. வெள்ளி நிறத்தில்.

அது அலுமினியப் பவுடர். பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடிமருந்து அடைக்கிற கையில் அது ஏறிவிட்டால் குளித்தாலும் போகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் கையைப் பார்த்தே யார் எந்த வேலை என்று சொல்லிவிடலாம்.

டப்பாவை மூடி, லேப் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போட்டான். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

சண்முகத்தாய் செத்து மூன்று மாதம் ஆகிறது.

அவன் எம்.எஸ்ஸி.யில் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் தட்டைப்புழுக்கள். அதன் உடம்பைப் போல வெட்டவெளிச்சமான உடம்பு வேறு கிடையாது. மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டை. உள்ளே வெற்றிடம் இல்லை, ரத்தம் இல்லை, மூச்சுக்கென்று ஓர் உறுப்பு இல்லை. தண்ணீரில் சுதந்திரமாகத் திரிகிறவை ஒரு வகுப்பு. மீனின் செவுளைக் கொக்கியால் பிடித்துத் தொங்குகிறவை ஒரு வகுப்பு. இலை மாதிரி ஈரலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறவை ஒரு வகுப்பு. கடைசி வகுப்பு நாடாப்புழு. அதற்கு வாயே கிடையாது. குடலும் கிடையாது. அடுத்தவன் குடலுக்குள் கிடந்து, அவன் செரித்து வைத்த சோற்றைத் தோலாலேயே குடிக்கும். குண்டூசித் தலை அளவு ஒரு தலை, அதில் நான்கு உறிஞ்சிகள், கீழே கழுத்து. வளர்ச்சி முழுக்கக் கழுத்தில்தான். புதிய துண்டு முளைக்க முளைக்கப் பழைய துண்டு வாலுக்குத் தள்ளப்படும். வால் நுனிக்கு வந்த துண்டில் முட்டை நிறைந்த கருப்பையைத் தவிர வேறொன்றும் மிச்சமிருக்காது. அது கழன்று வெளியே வரும்.

மனிதனுக்கு வருவதில் முக்கியமானவை இரண்டு. பன்றிக்கறியிலிருந்து வருவது ஒன்று, மாட்டுக்கறியிலிருந்து வருவது ஒன்று. தலை கிடைத்தால் ஒரு பார்வை போதும். பன்றிப் புழுவின் தலையில் கிரீடம் மாதிரி கொக்கிகள் இருக்கும், மாட்டுப் புழுவுக்கு இருக்காது. ஆனால் தலை அத்தனை சுலபத்தில் வெளியே வராது. துண்டுதான் வரும். துண்டை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து அமுக்கி, கருப்பைக்குள் கொஞ்சம் மை ஏற்றினால், நடுத்தண்டும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் இலை நரம்பு மாதிரி தெரியும். ஒரு பக்கத்துக் கிளைகளை எண்ண வேண்டும். பதின்மூன்றுக்குள் இருந்தால் பன்றி. பதினைந்துக்கு மேல் இருந்தால் மாடு.

இது பெயருக்காகச் செய்கிற பிரிவினை அல்ல. மாட்டுப் புழு குடலோடு நின்றுவிடும். பன்றிப் புழுவின் முட்டை, அதை வயிற்றில் வைத்திருப்பவளின் கை வழியாக அவள் வாய்க்கே போகும். அவள் பிசைந்து போடும் சோற்றோடு வீட்டாருக்கும் போகும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தோடு ஏறி மூளையில் சின்னக் கூடு கட்டி, வருசக்கணக்கில் சும்மா கிடக்கும். குடல் புழுவுக்கென்று கொடுக்கும் மாத்திரை அந்தக் கூட்டையும் தொட்டுவிடலாம். உள்ளே இருப்பது சாகும்போது மூளை வீங்கும். வலிப்பு வரும். அதனால், ரிப்போர்ட்டில் பன்றிப் புழு என்று இருந்தால் டாக்டர் தலைவலி உண்டா என்று கேட்பார், தலையைப் படம் எடுக்கச் சொல்வார். மாட்டுப் புழு என்று இருந்தால் மாத்திரையை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்.

ஜூலை மாதம். தீபாவளி ஆர்டர் சூடுபிடித்திருந்த நேரம். சிவகாசி லேப்புக்குக் கம்பெனிகள் வேன் வேனாக ஆட்களைப் பரிசோதனைக்கு அனுப்பின. நைட் ஷிப்ட் முடிந்த பிறகும் மாற்றாள் வராமல் பிரபாகரன் நின்றுகொண்டிருந்தான். சண்முகத்தாய் ஜன்னல் வழியாக டப்பாவைத் தள்ளினாள். திறந்து பார்த்தான், நாடாப்புழு. எண்ணச் சோம்பல். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, பன்னிக்கறி தின்பீர்களா என்று கேட்டான்.

அவளுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் ஒரே யூனிட். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் எங்க வீட்ல சேக்கிறதில்ல தம்பி."

மாட்டுப் புழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பிரபாகரனின் ஊரிலும் அம்மன் கொடை முடிந்த மறுநாள் வீட்டுக்குப் பின்னால் பன்றி வேகும். யாராவது வாசலில் நின்று என்ன வாசம் என்று கேட்டால், வெள்ளாட்டங்கறி என்றுதான் அவன் அம்மா சொல்வாள். வரிசையில் நிற்கும் பெண்ணிடம் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான்.

திங்கள்கிழமை ரிப்போர்ட். செவ்வாய்க்கிழமை மாத்திரை. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு யூனிட்டில் மருந்து அடைக்கிற அறை தரைமட்டமானது. மூன்று பேர் செத்தார்கள், சண்முகத்தாய் ஒருத்தி. உராய்வு என்று பேப்பரில் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து சண்முகத்தாயின் புருசன் ஆண்டிச்சாமி லேப்புக்கு வந்தார். அவளுக்கு ஏதும் சீக்கு இருந்ததா என்று போலீஸ் ஸ்டேசனில் கேட்கிறார்கள், பழைய ரிப்போர்ட்டில் ஒரு காப்பி வேண்டும் என்றார். தண்ணீர் குடிக்க வெளியே போனதால் தப்பித்த ஒருத்தி வாசலில் இருந்து பார்த்திருக்கிறாள். சண்முகத்தாய்க்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. கையில் மருந்துத் தட்டு.

பிரபாகரன் காப்பி எடுத்துக் கொடுத்தான். அவர் போன பிறகு உள்ளே போய், அலமாரியில் பாட்டிலில் கிடந்த அவளுடைய துண்டை எடுத்து அமுக்கி, மை ஏற்றி எண்ணினான்.

ஒன்பது.

ஸ்லைடை உடைத்துப் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான். ராத்திரி தூக்கம் வந்தது. அழுகை வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தான். வராததால் வேலையை விட்டான்.

இரண்டாம் நாளும் தட்டில் டப்பா இருந்தது. மூன்றாம் நாளும். ஒவ்வொரு நாளும் மூடியில் ஒரு விரல் கூடியது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அவன் எடுத்தான், மஞ்சள் பையில் போட்டான், கை கழுவினான். பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு காலை வேலை ஆகிவிட்டது.

நான்காம் நாள் அருணாதேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தடுப்புக்குப் பின்னால் வந்தாள்.

"வத்தல் நெடிக்கு நடுவுல யாரோ சரம் கொளுத்துன வாடை வருது. உங்களுக்கு வரலையா சார்?"

"இல்ல."

வந்தது. கந்தகமும் கருகிய துணியும் சேர்ந்த வாடை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றால் எந்த உயரத்தில் இருந்து வருமோ அந்த உயரத்தில் இருந்து வந்தது.

ஐந்தாம் நாள் அவன் ஜன்னலுக்குப் பலகை வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனான். ஆறாம் நாள் பூட்டு போட்டபடி இருந்தது. பலகை வைத்தபடி இருந்தது. டப்பா உள்ளே இருந்தது. மூடியில் ஐந்து விரலும் முடிந்து உள்ளங்கை தொடங்கியிருந்தது.

ஏழாவது நாள் ஞாயிறு. லேப் விடுமுறை.

திங்கள்கிழமை தட்டு காலியாக இருந்தது.

அவன் அதற்காகச் சந்தோஷப்படவில்லை. ஆனால் அன்றைக்கு டீ சூடாக இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. ஒன்பது மணிக்குள் முப்பது பேருக்கு ரத்தம் எடுத்தான். ஒன்பதேகாலுக்கு ஜன்னல் வழியாக ஒரு டப்பா வந்தது. கூடவே அருணாதேவி எழுதிய டோக்கனும் வந்தது. ரிஜிஸ்டரில் ஏறிய, காசு கட்டிய, உண்மையான டப்பா.

ஓவியா. பெண். 19. ஏழாயிரம்பண்ணை.

குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பெஞ்சில் ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், நெற்றியை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆண்டிச்சாமி அவனைப் பார்த்துவிட்டார். எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க சிவகாசில இருந்தீகள்ல? இங்கன வந்துட்டீகளா. நல்லதாப் போச்சு."

மகளுக்கும் அம்மாவுக்கு வந்த அதே பூச்சிதான் என்றார். சாத்தூரிலேயே காட்டியிருக்கலாம், இவள்தான் விருதுநகருக்குத்தான் போகணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், ஏன் என்று கேட்டால் தெரியலை என்கிறாள் என்றார். புதன்கிழமை முதல் ஓவியா கம்பெனிக்குப் போகிறாள். செத்தவர் வேலையை அந்த வீட்டு ஆளுக்கே கொடுப்பது அங்கே வழக்கம். சண்முகத்தாயின் இடம், அதே வேலை, புதிதாகக் கட்டிய அறை. அதற்கு முன்னால் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் தெம்பாக வேலை பார்ப்பாள். பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். சண்முகத்தாயின் ரிப்போர்ட். கீழே பிரபாகரனின் கையெழுத்து.

"இதைப் பாத்து இதே மாதிரி எழுதிருங்க தம்பி. தனியாப் பாக்கணும்னு இல்லல்ல?"

பத்து மணிக்கு டாக்டர் சுகிர்தா வருவார். முன்பக்கத்து அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பார்ப்பார். மாட்டுப் புழு என்று இருந்தால் மாத்திரை எழுதுவார். பன்றிப் புழு என்று இருந்தால் வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்பார். ஆண்டிச்சாமி அந்தக் காகிதத்தை நீட்டுவார். சண்முகத்தாய் எப்படிச் செத்தாள் என்பதும் வெளியே வரும். அதற்கு மேல் டாக்டருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரபாகரன் பேனாவை எடுத்தான். பழைய ரிப்போர்ட்டும் புது ரிப்போர்ட்டும் ஒன்றாக இருந்துவிட்டால் ஒருத்தரும் எதையும் கேட்கப்போவதில்லை. இந்தப் பெண்ணுக்குத் தலைக்குள் கூடு இருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை. வெறும் தலைவலியாகவும் இருக்கலாம். அவன் கை தானாக நகர்ந்தது. மாட்டுப் புழு என்று எழுதினான். கையெழுத்து மட்டும் பாக்கி.

மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்தது.

அவன் அதைப் போடவில்லை.

மேடையில் ஒரு ஸ்லைடு இருந்தது. துண்டு அமுக்கி, மை ஏற்றி, தயாராக. அவன் அதைச் செய்யவில்லை. ஓவியாவின் டப்பாவைப் பார்த்தான். மூடி திறந்திருந்தது.

வெளியே டோக்கன் நம்பரை அருணாதேவி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை அழுதது. உயர ஜன்னலிலிருந்து வெயில் மேசையில் சதுரமாக விழுந்திருந்தது. அத்தனை வெளிச்சத்தில், வாடை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவன் கண்ணை லென்ஸில் வைத்தான். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நடுத்தண்டு. அதிலிருந்து பிரியும் முதல் கிளை.

பக்கத்துத் திருகு மெதுவாகத் திரும்பியது. ஸ்லைடு நகர்ந்தது. இரண்டாவது கிளை.

அவன் இரண்டு கையும் மடியில் இருந்தது.

மூன்று.

நான்கு.

ஒவ்வொரு கிளைக்கும் திருகு நின்றது. அவன் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வரிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டுவது மாதிரி.

ஏழு.

எட்டு.

ஒன்பது. அதற்கப்புறம் கிளை இல்லை. வெறும் விளிம்பு. திருகு பின்னால் திரும்பியது. மறுபடி முதலில் இருந்து.

ஒன்று.

காதுக்கு வெகு அருகே ஒரு குரல். கோபம் இல்லை. அலுத்துப்போன குரல்.

"நான் பொய்தான் சொன்னேன். அம்புட்டுப் பேரு நிக்கையில வேற என்ன சொல்லுவேன். நீங்க எண்ணிருக்கலாம்ல தம்பி."

அவன் மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் திருகு அவனுக்காக நகர்ந்தது. பிறகு விளக்கு அணைந்தது. எழுதியிருந்த ரிப்போர்ட்டை மறைத்துக்கொண்டு, மேசையில் ஒரு முழு உள்ளங்கை வெள்ளியாகப் பதிந்திருந்தது.

அவன் அந்தக் காகிதத்தைக் கிழித்தான். வேறு காகிதத்தில் பன்றிப் புழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பத்து மணிக்கு டாக்டர் சுகிர்தாவின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஜன்னலில் வைத்துக் கேட்டது, எண்ணாமல் எழுதியது, பிறகு எண்ணியது, ஸ்லைடை உடைத்தது. மாத்திரை வேண்டாம், முதலில் தலையைப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னான். வேறு யாரோ செய்ததைச் சொல்வது மாதிரி இருந்தது அவன் குரல். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்க்காமல் ஸ்கேனுக்கு எழுதினார். அண்ணாச்சிக்குப் போன் போனது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பதில் வந்தது. மேற்கொண்டு எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே தானே சொல்லிக்கொள்வதாக டாக்டர் சொன்னார்.

ஆண்டிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தோள்துண்டை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஓவியா அப்பாவைப் பார்த்தாள், பிரபாகரனைப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. விளங்கியதும் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"எண்ணுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்று ஆண்டிச்சாமி கேட்டார்.

"பத்து நிமிசம்."

அவர் தலையை ஆட்டினார். யாரோ பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டது மாதிரி. அடிப்பார் என்று பிரபாகரன் நின்றான். அடிக்கவில்லை. எழுந்தார்.

"ஸ்கேன் எடுக்கிற இடத்துல என்ன சொல்லுதாகன்னு எனக்கு வெளங்காது. நீயும் வா."

அதுவரை வாங்க, போங்க என்றுதான் அவர் பேசியிருந்தார்.

ஸ்கேன் சென்டர் நான்கு தெரு தள்ளி இருந்தது. புதுக் கட்டிடம், ஏசி, தரையில் முகம் தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓவியாவை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள். மெஷின் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கனமான கதவைச் சாத்தினார்கள். ஆபரேட்டர் விக்னேஷ்குமார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். டாக்டர் அனுப்பிய லேப் ஆள் என்பதால் பிரபாகரனையும் ஆண்டிச்சாமியையும் தன் பின்னால் நிற்க விட்டான்.

முதலில் பக்கவாட்டில் ஒரு படம் எடுப்பார்கள். எங்கிருந்து எங்கே வரை வெட்டிப் பார்ப்பது என்று குறிப்பதற்காக. திரையில் அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. மண்டை ஓடு. கண்குழி. பல் வரிசை.

விக்னேஷ்குமார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"உள்ள யாரு நிக்கிறது?"

யாரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓவியா மட்டும் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

திரையில், ஓவியாவின் காதுக்கு மேலே ஒரு கை. தாடைக்குக் கீழே ஒரு கை. எலும்பு எலும்பாக, விரல் விரலாக. தலை அசையாமல் பிடித்திருந்தன.

விக்னேஷ்குமார் எழுந்து உள்ளே போனான். மெஷினைச் சுற்றி வந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் கழுத்தில் வேர்த்திருந்தது. முன்னால் எடுத்த யாருடைய படமோ மெஷினில் தங்கிக் கலந்திருக்கும் என்றான்.  

ஆண்டிச்சாமி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"பேன் பாக்கையில இப்படித்தான் பிடிப்பா" என்றார், தனக்குத்தானே.

ஸ்கேனை மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை பக்கவாட்டுப் படத்தை விக்னேஷ்குமார் நிறுத்திப் பார்க்காமல் கடந்துவிட்டான். மூளையின் குறுக்குவெட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாவது படத்தில் ஒரு வளையம், நடுவில் வெள்ளைப் புள்ளி. ஐந்தாவதில் இரண்டு. பிரபாகரனுக்கு அதைப் படிக்கத் தெரியும். புள்ளிதான் புழுவின் தலை. இன்னும் உயிரோடு இருக்கும் தலை.

ஸ்கேன் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பூச்சி மாத்திரை ஏதும் கொடுத்தார்களா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். மதுரைக்குப் போகச் சொன்னார். முதலில் வீக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து, பூச்சிக்கு மருந்து அப்புறம், அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான். வெடிமருந்துப் பக்கம் இந்தப் பெண் இனிமேல் போகவே கூடாது. ஆண்டிச்சாமிக்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். குணமாகிவிடும் என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

ஓவியா அப்பாவின் தோளில் சாய்ந்து நடந்து போனாள். மதுரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பிரபாகரனை அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்குக் காரணமும் இல்லை. ஆனால் ஸ்கேன் படம் வாங்குவதற்கான ரசீது அவன் கையில் இருந்தது. அதை வாங்கிக் கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் கொடுக்க வேண்டும்.

கவுண்டரில் பெரிய உறையில் வைத்துப் படத்தைக் கொடுத்தார்கள். அவன் வரவேற்பறையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அதை உருவினான். வெளியே உச்சி வெயில். நெற்றியில் குங்குமத்தோடு யாரோ ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு குறுக்குவெட்டுகள். மேலே இடது மூலையில் சின்னதாக அந்தப் பக்கவாட்டுப் படம், இரண்டாவது முறை எடுத்தது.

தாடைக்குக் கீழே கை அப்படியே இருந்தது.

காதுக்கு மேலே எதுவும் இல்லை.

ஏசி காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. அவன் படத்தை இறக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய வலது காதுக்கு மேலே, முடிக்குள், நான்கு விரல்கள் மெதுவாக இறங்கின. ஐந்தாவது விரல் நெற்றிப்பொட்டில் வந்து பதிந்தது. இறுக்கவில்லை. வலிக்கவில்லை. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் அவன் உடம்புக்குத் தெரிந்த முதல் தொடுகை அது.

கவுண்டரில் இருந்த பெண், சார் வழியை விடுங்க, பின்னால ஆள் நிக்காக என்றாள். அவன் நகர்ந்தான். கையும் கூடவே நகர்ந்தது.